முதல் ஆண்டு நர்ஸிங்: சட்டம், அறம் பாடத்தை யாராவது புரியும்படி சொல்லுங்களேன்

#1 ஈசூன்_தங்கச்சி

வணக்கம். நான் சிங்கப்பூரில், பாலியில் (பாலிடெக்னிக்) நர்ஸிங் டிப்ளோமா முதல் ஆண்டு. இந்த செமஸ்டரில் தொழில், சட்டம், அறம் மூன்றையும் சேர்த்து ஒரு பாடம். தன்னாட்சி (தனக்கானதைத் தானே முடிவெடுப்பது), நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கு சொல்லை மனப்பாடம் செய்தாயிற்று. ஊசி போட, கட்டுக் கட்ட லேபில் பொம்மை வைத்திருக்கிறார்கள். இந்தப் பாடத்துக்கு மட்டும் பொம்மை இல்லை.

போன மாதம் என் முதல் போஸ்டிங் (மருத்துவமனைப் பயிற்சி) ஆரம்பித்தது. [வார்டு, படுக்கை விவரம் நீக்கப்பட்டது – நெறியாளர்] ஒரு தமிழ்த் தாத்தா. ஆங்கிலம் வராது, மலாய் கொஞ்சம் பேசுவார். நான் தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்ததும் எனக்காகவே காத்திருக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள் மாலை அவர் மகள் என்னை லிஃப்ட் பக்கம் கூப்பிட்டு, "அப்பாவுக்குப் புற்றுநோய்னு தெரிய வேண்டாம்மா. நீ நம்ம பிள்ளை, உனக்குப் புரியும்" என்றார்.

மறுநாள் காலை உடம்பு துடைத்துவிடும்போது தாத்தா கேட்டார்: "ஏம்மா, ஸ்கேன்ல என்ன வந்துச்சாம்?"

தண்ணீர் ஆறிவிட்டது தாத்தா, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி பேசினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். தண்ணீர் சூடாகத்தான் இருந்தது.

நான் செய்தது தப்பா? மகள் சொன்னதைக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? ஏதாவது ஆகிவிட்டால் மாணவி தலையில் எவ்வளவு விழும்? ஸ்லைடில் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

#2 செங்காங்_ஸ்டாஃப்நர்ஸ்

தங்கச்சி, பதில் அப்புறம். முதலில் அந்த வார்டு எண்ணையும் படுக்கை எண்ணையும் எடு. எந்த மருத்துவமனை என்று நீ எழுதவில்லைதான். ஆனால் மாடி, வார்டு, தமிழ்த் தாத்தா, போன மாதம் என்று நான்கையும் சேர்த்தால் அவர் பேரனே இதைப் படித்துக் கண்டுபிடித்துவிடுவான். பெயரை மறைத்துவிட்டால் போதும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நெறியாளருக்கும் தகவல் அனுப்பியிருக்கிறேன்.

#3 நெறியாளர்

நீக்கியாயிற்று. மற்றவர்களும் கவனியுங்கள்.

#4 ஈசூன்_தங்கச்சி

ஐயோ, சாரி அக்கா. கை நடுங்குகிறது.

#5 பழைய_மிஸ்ஸி

கை நடுங்கட்டும், நல்லதுதான். நடுங்காதவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. எங்கள் காலத்தில் இந்தப் பாடமே கிடையாது. "டாக்டர் சொன்னால் செய், சிஸ்டர் சொன்னால் ஓடு" என்பதுதான் பாடம். நோயாளிகளுக்கு நாங்கள் எல்லாரும் மிஸ்ஸி. சீனப் பாட்டியும் மிஸ்ஸி என்பார், மலாய்ப் பெரியவருக்கும் மிஸ்ஸிதான். இந்த ஊரில் ஆகஸ்ட் 1 தாதியர் தினம் என்று தெரியும் அல்லவா? 1885இல் அதே நாளில்தான் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் சிப்பாய் லைன்ஸ் பக்கம் இருந்த பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். கன்னிமடத்துக் கீழ்ப்படிதலும் அவர்களோடு சேர்ந்தே வார்டுக்குள் வந்தது என்பது என் எண்ணம்.

நைட்டிங்கேல் உறுதிமொழி என்று ஒன்று சொல்வோம். அதை நைட்டிங்கேல் எழுதவே இல்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் ஒரு குழு எழுதியது. மருத்துவரின் பணிக்கு விசுவாசமாகத் துணை நிற்பேன் என்று அதில் ஒரு வரி உண்டு. உலக தாதியர் பேரவை 1953இல் முதல் நெறிமுறையைக் கொண்டுவந்தபோதும் அந்த வாடை போகவில்லை. 1973இல் திருத்தியபோதுதான், தாதியின் முதல் பொறுப்பு பராமரிப்பு தேவைப்படும் மனிதருக்கே என்று தெளிவாக எழுதினார்கள். அந்த ஒரு வரி வர இருபது வருடம் ஆயிற்று பார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள். இரவு ஷிஃப்ட். ஒரு பெரிய டாக்டர் டிகாக்ஸின் என்ற இதய மருந்தை எழுதியிருந்தார். வழக்கமாக 0.25 மில்லிகிராம். அவர் எழுத்தில் புள்ளி இடம் மாறி 2.5 என்று நின்றது. மாத்திரையை எண்ணிப் பார்த்தேன்: பத்து. உள்ளங்கையில் பத்து மாத்திரையை வைத்துக்கொண்டு யாராவது சும்மா இருப்பார்களா? நள்ளிரவு தாண்டி அவரை எழுப்பிக் கேட்டேன். கத்தினார். பிறகு திருத்தினார். மறுநாள் எனக்கு நன்றியும் வரவில்லை, திட்டும் வரவில்லை. உத்தரவு இருந்தது, கொடுத்தேன் என்று நான் சொல்லியிருந்தால் யாரும் என்னை விட்டிருக்க மாட்டார்கள் என்று பின்னாளில்தான் புரிந்தது. கொடுக்கிற கை நம்முடையது.

#6 ஐடிஇ_பையன்

பத்து மாத்திரை 😳

#7 கற்பிக்கிறவர்

நான் நர்ஸிங் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன். எங்கே என்பது வேண்டாம். தங்கச்சி கேட்ட கேள்விகளில் சட்டம் சம்பந்தப்பட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மகள் சொன்னால் கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லை. சிங்கப்பூரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. வயது வந்த ஒருவர் சுயமாக முடிவெடுக்கும் நிலையில் இருந்தால் அவருக்காக மகளோ மனைவியோ கையெழுத்துப் போட முடியாது. 2008இல் நிறைவேறி 2010 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த மனத்திறன் சட்டத்தின் முதல் கொள்கையே, ஒருவருக்குத் திறன் இல்லை என்று நிரூபிக்கப்படும் வரை திறன் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பதுதான். விவரத்தைப் புரிந்துகொள்கிறாரா, மனதில் வைத்துக்கொள்கிறாரா, சீர்தூக்கிப் பார்க்கிறாரா, முடிவை ஏதாவது ஒரு விதத்தில் தெரிவிக்கிறாரா? இந்த நான்கைத்தான் பார்ப்பார்கள். ஆங்கிலம் தெரியுமா என்பது இதில் சேர்த்தியில்லை. வயது 80 ஆனாலும் அப்படியே.

அடுத்து "எங்களிடம் எல்பிஏ இருக்கிறது" என்று ஒரு கோப்போடு வருவார்கள். இருக்கட்டும். தனக்குத் திறன் போனால் யார் முடிவெடுக்கலாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரம் அது, அவர் திறன் இழந்த பிறகுதான் உயிர் பெறும். அதுவரை அது வெறும் காகிதம். உயிர் காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவை எல்பிஏ பெற்றவரும் எடுக்க முடியாது. அது மருத்துவரிடம், நோயாளியின் நலன் எது என்ற அளவுகோலில் நிற்கிறது. குடும்பத்தைக் கலந்து பேசுவார்கள், பேசவும் வேண்டும். ஆனால் பேசுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு.

சரி, உன் தலையில் எவ்வளவு விழும்? ஒரே தவற்றை மூன்று அறைகளில் விசாரிக்கலாம் என்று என் வகுப்பில் சொல்வேன். முதல் அறை மருத்துவமனை: என்ன நடந்தது, இனி நடக்காமல் இருக்க எதை மாற்றுவது, வேலையில் வைத்திருக்கலாமா. இரண்டாவது சிங்கப்பூர் நர்ஸிங் போர்டு. 1999ஆம் ஆண்டின் நர்ஸ்கள், மகப்பேற்றுத் தாதியர் சட்டம் அதற்கு அதிகாரம் கொடுக்கிறது. கண்டிக்கலாம், இடைநிறுத்தலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்தே எடுக்கலாம். மூன்றாவது நீதிமன்றம்: இழப்பீடு கேட்டு வழக்கு, மிக மோசமானால் குற்ற வழக்கு. முதல் அறையில் தப்பியவர் இரண்டாவதில் மாட்டலாம். ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) வழியாக என்ரோல்ட் நர்ஸ், பாலி அல்லது பல்கலைக்கழகம் வழியாக ரெஜிஸ்டர்ட் நர்ஸ். எந்தப் பாதையில் வந்தாலும் போர்டில் பதிவும், கையில் செல்லுபடியாகும் பயிற்சிச் சான்றிதழும் இல்லாமல் நர்ஸாக வேலை பார்க்கக் கூடாது.

மாணவிக்கு இன்னும் பதிவு இல்லை, எனவே இரண்டாவது அறை உனக்கில்லை. அதற்காகப் பொறுப்பே இல்லை என்று ஆகாது. உன்னிடம் வேலையைக் கொடுத்த நர்ஸ், கொடுத்ததற்கும் மேற்பார்வைக்கும் பொறுப்பு. எனக்கு இது தெரியாது, செய்ததில்லை என்று வாய் திறந்து சொல்வதற்கு நீ பொறுப்பு. இதைச் சொல்லாமல் விட்டுத்தான் மாணவர்கள் சிக்குகிறார்கள்.

பேசினைத் தூக்கிக்கொண்டு போனது சட்டப்படி தவறில்லை. நோயின் பெயரைச் சொல்வது உன் வேலையே இல்லை. ஆனால் அதோடு விட்டாயா, யாரிடமாவது சொன்னாயா?

#8 ஈசூன்_தங்கச்சி

சொல்லவில்லை சார். மகள் என்னை நம்பிச் சொன்னாரே என்று...

#9 செங்காங்_ஸ்டாஃப்நர்ஸ்

அங்கேதான் இடிக்கிறது. மகள் உன்னிடம் சொன்னது ரகசியம் இல்லை. உன் வார்டு சிஸ்டருக்கும் டாக்டருக்கும் தெரிய வேண்டிய தகவல் அது. வார்டில் மூன்று பேருக்கு மூன்று விதமாகத் தெரிந்தால், மதியம் ஒரு ஜூனியர் டாக்டர் ரவுண்டில் வந்து திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஆன்காலஜி (புற்றுநோய்ப் பிரிவு) என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போவார். தாத்தாவுக்கு ஆங்கிலம் வராதுதான். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வருமே.

தாத்தா மறுபடி கேட்டால் என்ன சொல்லலாம்? நான் சொல்வது இதுதான்: "தாத்தா, அதை நான் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்லணும். நீங்க கேட்டீங்கன்னு அவர்கிட்ட சொல்றேன். உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" அப்புறம் உண்மையிலேயே போய்ச் சொல்ல வேண்டும். அவர் கேட்டார் என்பதை நேரத்தோடு குறிப்பிலும் எழுதச் சொல். பொய் சொல்லாதே. ஒன்றுமில்லை தாத்தா, எல்லாம் நார்மல் என்ற பொய் ஒரு வாரம் கழித்து உன்னிடமே திரும்பி வரும். அதற்குப் பிறகு நீ பாராசிட்டமால் என்று கொடுத்தால்கூட நம்ப மாட்டார்.

இன்னொன்று. ஒரு நாள் டாக்டரே உன்னைக் கூப்பிட்டு, நீ தமிழ்தானே, இவருக்கு விளக்கிச் சொல், கையெழுத்து வாங்கணும் என்பார். சாதம் வேண்டுமா, வலி இருக்கிறதா என்று மொழிபெயர்க்கலாம். ஒப்புதலுக்கு வேண்டாம். நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன். புதிதில் ஒரு அம்மாவுக்கு 'கட்டி' என்று மொழிபெயர்த்தேன். தமிழில் கட்டி என்றால் சீழ்க்கட்டியும் கட்டிதான், கேன்சரும் கட்டிதான். அந்த அம்மா, கீறிவிட்டு மருந்து வைப்பார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு, "எத்தனை நாள்ல ஆறும், பேத்தி கல்யாணத்துல பூரி தேய்க்கணும்" என்றபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சிஸ்டரை எழுப்பி, டாக்டரை வரவைத்து, முறையான மொழிபெயர்ப்பாளரை வைத்து முதலிலிருந்து பேசினோம். அறுவை சிகிச்சை இரண்டு நாள் தள்ளிப்போயிற்று.

#10 திருச்சி_டு_தெம்பனிஸ்

எல்லாரும் அந்த மகளை ஏதோ குற்றவாளி போலப் பேசுகிறீர்கள். நான் ஊரில் பிஎஸ்சி நர்ஸிங் முடித்து இங்கே வந்தவள். விளக்கேற்றும் விழாவில் மெழுகுவத்தி பிடித்து அந்த உறுதிமொழியைச் சொன்னவள்தான். (டெட்ராய்ட் விஷயம் இப்போதுதான் தெரியும், நன்றி மிஸ்ஸி அம்மா.) நான் வேலை பார்த்த இடத்தில் படிவம் நேராகக் குடும்பத்திடம்தான் போகும். மூத்த மகன் கையெழுத்துப் போடுவார், அப்பாவுக்கு என்ன என்றே தெரியாது. சட்டப்படி அங்கேயும் அது சரியில்லைதான். ஆனால் கொடுமை செய்கிறோம் என்று யாரும் நினைப்பதில்லை. சுமையை நாம் தூக்கிக்கொள்வோம் என்று நினைக்கிறார்கள். தன்னாட்சி என்று ஸ்லைடில் போட்டுவிட்டால் நம் வீட்டு மனுஷர்கள் ஒரே நாளில் தனி ஆளாகிவிடுவார்களா? இங்கே வந்த முதல் வருடம் எனக்கு இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது, இப்போதும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

#11 கற்பிக்கிறவர்

நியாயமான கேள்வி. தன்னாட்சி என்றால் எல்லாவற்றையும் மூஞ்சியில் அடித்தாற்போலச் சொல்லிவிடுவது என்று மாணவர்கள் எழுதுகிறார்கள், மதிப்பெண் குறைப்பேன். எனக்குச் சொல்ல வேண்டாம், மகளிடம் பேசுங்கள் என்று அவரே சொன்னால் அதுவும் அவர் முடிவுதான். அவரைக் கேட்காமல் மகள் அதை எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். சட்டமும் இதில் ஒரே இடத்தில் நிற்கவில்லை. நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை நோயாளியின் கண்ணால் பார் என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மருத்துவர்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள் என்ற கவலை எழுந்தது. 2020இல் நாடாளுமன்றம் சிவில் சட்டத்தைத் திருத்தியது. சக மருத்துவர்கள் ஏற்கும் அளவு போதும், ஆனால் இந்த நோயாளிக்கு எது முக்கியம் என்று யோசித்திருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அது 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

#12 பிடோக்_மகள்

நான் நர்ஸ் இல்லை. தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். எங்கள் அம்மாவிடம் நாங்கள் மறைத்தோம். எட்டு மாதம். அம்மா மாதாமாதம் சீட்டுக் கட்டினார், ஊருக்குப் போய்க் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கணும் என்றார். தை மாதம் போகலாம்மா என்றோம். தை வராது என்று எங்களுக்குத் தெரியும். சீட்டுக் காசு பிறகு என் கைக்கு வந்தது. அதை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

சரியா தப்பா என்று கேட்டு எழுதவில்லை. அந்த மகள் லிஃப்ட் பக்கம் நின்றபோது எப்படி இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

#13 பழைய_மிஸ்ஸி

அம்மாடி.

#14 திருச்சி_டு_தெம்பனிஸ்

🙏

#15 ஐடிஇ_பையன்

பேச்சை மாற்றுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஒரு சந்தேகம், இது அறமா சோம்பேறித்தனமா தெரியவில்லை. போஸ்டிங்கில் பேராமீட்டர் (நாடி, ரத்த அழுத்தம், மூச்சு) எடுக்கும்போது பார்த்தேன், பலருக்கும் மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 18. காலையிலும் 18, இரவிலும் 18. தூங்குகிறவருக்கும் 18, மாடிப்படி ஏறி வந்தவருக்கும் 18. யாரும் எண்ணியதை நான் பார்த்ததே இல்லை. நானும் 18 போட்டேன்.

#16 செங்காங்_ஸ்டாஃப்நர்ஸ்

தம்பி, நீ சிரிக்கிறாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் போட்டிருக்கிறேன், வேலைக்குச் சேர்ந்த புதிதில். 30 பேர் வார்டு, ஒரு நிமிடம் ஒருவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றால் வேலை முடியாது என்று எனக்கு நானே சமாதானம். ஒரு மாமாவுக்கு மதியம் 18 என்று எழுதினேன். நாலு மணிக்கு அவர் உதடு நீலம். ஐசியூவுக்குப் போனார், பிழைத்தார். ரத்த அழுத்தம் கீழே விழுவதற்கு முன்பே மூச்சு வேகமாகும், உடம்பு முதலில் கொடுக்கும் சத்தம் பெரும்பாலும் அதுதான். மதியம் எவ்வளவு இருந்தது என்று டாக்டர் சார்ட்டைப் பார்த்தார். என் 18ஐ நம்பினார்.

செய்யாததைச் செய்ததாக எழுதுவது சோம்பேறித்தனம் இல்லை, பொய் ஆவணம். அன்று மாலையே சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். சம்பவ அறிக்கை எழுதினோம். தண்டனை வந்தது, வேலை போகவில்லை. நானாகச் சொல்லாமல் அவர்களாகக் கண்டுபிடித்திருந்தால் கதை வேறு.

#17 கற்பிக்கிறவர்

இதோடு ஒட்டி ஒன்று. 2018இல் சிங்ஹெல்த் என்ற அரசு மருத்துவமனைக் குழுமத்தின் கணினி அமைப்புக்குள் புகுந்து 15 லட்சம் பேரின் விவரங்களைத் திருடினார்கள், அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் அடக்கம். அபராதம் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளி, கணினி அமைப்பைப் பார்த்துக்கொண்ட ஐஎச்ஐஎஸ்ஸுக்கு 7,50,000 வெள்ளி. இதை ஹேக்கர் கதையாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். நான் வகுப்பில் எடுப்பது வேறு பக்கத்தை. சந்தேகம் வந்தும் சில ஊழியர்கள் உரிய நேரத்தில் மேலே சொல்லவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. உறுதியாகத் தெரியட்டும், அப்புறம் சொல்லலாம் என்ற அதே மனசுதான். உதடு நீலமாகிற வரை காத்திருப்பது.

நீங்கள் போஸ்டிங்கில் இருக்கும்போது உங்கள் அடுக்குமாடி ஆன்ட்டி வந்து படுத்திருப்பார். என்ன வியாதி என்று கணினியில் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள். யார், எப்போது, எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்று பதிவாகிறது. யாரிடமும் சொல்லாவிட்டாலும் திறந்ததே தவறு.

#18 ஐடிஇ_பையன்

யூனிஃபார்மில் டிக்டாக்?

#19 பழைய_மிஸ்ஸி

வேண்டாம். உன் பின்னால் யார் படுத்திருக்கிறார் என்று உனக்குத் தெரியாது. தீபாவளிக்கு நோயாளி வீட்டார் அங்பாவ் (பண உறை) நீட்டினாலும் வேண்டாம். முறுக்கு டப்பா என்றால் சிஸ்டர் மேசையில் வைத்துவிடு, எல்லாரும் சாப்பிடட்டும். நான் அப்படித்தான் 12 கிலோ ஏறினேன்.

#20 ஈசூன்_தங்கச்சி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி. இதில் உறவு, நாள் எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன், செங்காங் அக்கா அடிக்க வர வேண்டாம்.

உங்கள் பதிலைப் படித்த மறுநாளே சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், "எந்த நேரம் கேட்டார்? சரியான வார்த்தை என்ன?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் முதலில் குடும்பத்தை உட்காரவைத்துப் பேசினார். அப்புறம் மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தாத்தாவிடம். நான் மூலையில் நின்றேன். டாக்டர் நோயின் பெயரோடு ஆரம்பிக்கவில்லை. "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?" என்று கேட்டார். தாத்தா ரொம்ப நேரம் போர்வை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு, "வலி வருமா வராதான்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க. மத்ததெல்லாம் பிள்ளைங்ககிட்ட பேசுங்க. ஆனா குழாய் போடணும்னா என்னைக் கேட்டுட்டுப் போடுங்க" என்றார். அப்படியே குறிப்பில் ஏறிற்று.

மகள் வெளியே வந்து என்னைப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை. என்னிடம் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. அது இன்னும் குடைகிறது. ஸ்லைடில் இதற்கும் ஒன்றும் இல்லை.

#21 திருச்சி_டு_தெம்பனிஸ்

குடையத்தான் செய்யும். நானும் அந்த இடத்தில் மகளாக இருந்தால் உன்னிடம் பேசியிருக்க மாட்டேன். தாத்தா சொன்ன மூன்றாவது வரியை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். குழாயைப் பற்றி யாரும் அவரிடம் வாயே திறக்கவில்லை, இல்லையா?

#22 ஈசூன்_தங்கச்சி

இல்லை அக்கா. பக்கத்துப் படுக்கையில் பார்த்திருக்கிறார். மூக்கில் குழாய், பிடுங்கிவிடுவார் என்று கையில் மிட்டன் (விரல்களை மூடும் கையுறை).

அப்புறம், தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து முழு நிமிடம் எண்ணுகிறேன். போன செவ்வாய் ஒருவருக்கு 26 வந்தது. மறுபடி எண்ணினேன், 26. ஓடிப்போய்ச் சொன்னேன்.

#23 ஐடிஇ_பையன்

அப்புறம்? அவருக்கு என்ன ஆச்சு?

#24 ஈசூன்_தங்கச்சி

சொல்ல மாட்டேன் போ.